எஸ்என்எம்பி கால்பேக்குக்குள் காத்திருக்காதீர்கள்

காரைக்குடியில் எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நெட்-எஸ்என்எம்பி ஏஜென்டுக்கு (சர்வரின் நிலவரத்தை நெட்வொர்க் வழியாகக் கேட்பவருக்குச் சொல்லும் புரோகிராம்) மாட்யூல் எழுதும்போது, அந்தக் காலத்தில் நான் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். போன வாரம்கூட ஒரு தம்பி, "தனியா ஓட்டினா நல்லாத்தானே ஓடுதுண்ணே" என்றான். அரைப்புள்ளி விட்டுப்போனது, ஹெடர் ஃபைல் மறந்தது எல்லாம் கம்பைலரே சொல்லிவிடும். அது சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

கால்பேக்குக்குள் காத்திருப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான். எஸ்என்எம்பிடி, அதாவது அந்த ஏஜென்ட், ஒரே லூப்பில் ஓடுகிறது. 161-ஆம் போர்ட்டில் கேள்வி வந்தால் நீங்கள் எழுதிக்கொடுத்த கால்பேக் ஃபங்ஷனான ஹேண்ட்லரைக் கூப்பிடும், அது திரும்பும்வரை ஏஜென்ட் வேறு எதையும் பார்க்காது.

தேவகோட்டையில் ஓர் அலுவலகத்துக்கு யூபிஎஸ் கண்காணிப்பு மாட்யூல் எழுதினேன். சீரியல் கேபிளில் 2400 பாட் வேகம், யூபிஎஸ் தரும் பதில் 47 எழுத்து. ஒரு தடவை படிக்க ஏறக்குறைய 0.2 வினாடி. அதை ஹேண்ட்லருக்குள்ளேயே படித்தேன், அதுவும் ஒவ்வொரு ஓஐடிக்கும் (ஒவ்வொரு மதிப்பையும் குறிக்கும் புள்ளி வைத்த எண்) தனித்தனியாக. மேனேஜர், அதாவது கேள்வி கேட்கும் கண்காணிப்பு மென்பொருள், ஒரே கேள்வியில் 10 மதிப்பு கேட்டால் 2 வினாடி ஆகிவிடும். நெட்-எஸ்என்எம்பி கருவிகள் தாமாகவே 1 வினாடிதான் காத்திருக்கும், பிறகு 5 முறை திருப்பிக் கேட்கும். அந்தக் கேள்விகளும் வரிசையில் சேர, ஏஜென்ட் ஒவ்வொன்றுக்கும் மறுபடி யூபிஎஸ்ஸைப் படித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் கேபிள் தளர்ந்தது. படிக்கும் இடத்தில் நான் டைம்அவுட் வைக்கவில்லை. யூபிஎஸ் மட்டுமல்ல, சிபியு, டிஸ்க், நெட்வொர்க் என எதற்கும் பதில் வராமல் போய், சர்வரே விழுந்ததாகச் சிவப்பு அலாரம். ராத்திரி 11 மணிக்கு பைக்கில் போய்ப் பார்த்தால் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படி மூன்று தடவை ஆனதும் அவர்கள் அலாரத்தையே அணைத்துவிட்டார்கள். அப்புறம் டிஸ்க் நிஜமாகவே நிரம்பியபோது யாருக்கும் தெரியவில்லை, அந்த ஒப்பந்தமும் கையைவிட்டுப் போனது.

நம் பக்கத்துக் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறுகிறவர் கையில் வாளி நிறைந்திருக்க வேண்டும். ஒவ்வோர் இலைக்கும் அவர் பின்கட்டு அடுப்படிக்கு ஓடி ஒரு கரண்டி சாம்பார் எடுத்துவந்தால் பந்தி என்னாகும்? ஹேண்ட்லரின் வேலை பரிமாறுவது மட்டும்தான், சமையல் வேறு இடத்தில் நடக்கட்டும்.

சரி, "அலாரம் வைத்து 10 வினாடிக்கு ஒருமுறை படித்துக்கொள்கிறேன்" என்பார்கள். எஸ்என்எம்பி அலாரம் என்ற அந்த டைமரும் அதே லூப்பில்தான் ஓடுகிறது, அங்கே மாட்டினாலும் ஏஜென்ட் மாட்டியதுதான். சீரியல் ஃபைல் டிஸ்கிரிப்டரை ரிஜிஸ்டர்_ரீட்எஃப்டி வழியாக ஏஜென்டிடம் ஒப்படைத்து, பைட் வந்தபோது மட்டும் படியுங்கள். இல்லையென்றால் ஏஜென்ட்எக்ஸ் என்ற நெறிமுறையில் முக்கிய ஏஜென்டோடு பேசும் சப்-ஏஜென்டாகத் தனி ப்ராசஸில் எழுதுங்கள். அந்த நெறிமுறை 2000-லேயே ஆர்எஃப்சி 2741 என்ற இணைய ஆவணமாக வந்துவிட்டது. நான் இப்போது இரண்டாவதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் மாட்யூல் செத்தாலும் ஏஜென்ட் பிழைத்திருக்கும். கடைசியாகப் படித்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதையும் ஓர் ஓஐடியாகக் கொடுத்துவிடுங்கள். பழைய வோல்டேஜைப் புதியது மாதிரி காட்டுவது மௌனத்தைவிட மோசம்.

செட்டில் அவசரம்

செட் என்பது மதிப்பை மாற்றச் சொல்லும் கேள்வி. அதற்கு ஏஜென்ட் உங்கள் ஹேண்ட்லரை ரிசர்வ்1, ஆக்ஷன் எனப் படிப்படியாகக் கூப்பிடும். ரிசர்வ்1 என்பது வந்த மதிப்பின் வகையும் அளவும் சரியா என்று பார்க்க மட்டும். ஒரு பெண் அங்கேயே ரிலேயைத் திருப்பிவிட்டாள். அதே கேள்வியில் இருந்த இரண்டாவது மதிப்பு தவறென்று ஏஜென்ட் எல்லாவற்றையும் நிராகரித்தது, ரிலே திரும்பியது திரும்பியதுதான். ஆக்ஷனில் செய்யுங்கள். செய்வதற்கு முன் பழைய மதிப்பை எடுத்துவையுங்கள், அன்டூ வரும்போது அது வேண்டும்.

முதல் ரிக்வெஸ்டோடு நிறுத்துவது

ஒரே கேள்வியில் பல மதிப்பு கேட்பார்கள், அதனால் ஹேண்ட்லருக்கு வரும் ரிக்வெஸ்ட்ஸ் ஒரு சங்கிலி. நெக்ஸ்ட் தீரும்வரை போங்கள்.

வரிசை

ஓஐடிகளை எண்ணாக வரிசைப்படுத்துங்கள்: 1, 2, 10. எழுத்தாக வரிசைப்படுத்தினால் 1, 10, 2 ஆகிவிடும், மதிப்புகளை ஒவ்வொன்றாக வரிசையில் கேட்கும் எஸ்என்எம்பி வாக் "ஓஐடி ஏறுவரிசையில் இல்லை" என்று பாதியில் நின்றுவிடும்.

வெப்பநிலைக்கு கவுன்டர்

கவுன்டர் என்பது ஏறிக்கொண்டே போகும் எண் வகை. இறங்கக்கூடிய எதற்கும் அது கூடாது.

அடுத்தவர் எண்

அடுத்த நிறுவனத்தின் ஓஐடி எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள். 1.3.6.1.4.1-க்குக் கீழே சொந்த எண், இணைய எண்களை ஒதுக்கும் ஐஏஎன்ஏவிடம் காசில்லாமல் கிடைக்கும். விண்ணப்பித்து வாங்குங்கள்.