"இவனுக்கு இரக்கமே இல்லை" என்று சொல்லுமுன்: ஆட்டிசக் குழந்தைக்குப் பழகக் கற்றுக்கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. ஆறு வயது அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடுகிறான். "தம்பிக்காரன் அழுதுட்டு கெடக்கான், இவன் பாட்டுக்கு ஓடுதானே" என்று ஆச்சி வருத்தப்படுகிறார். முதல் தவறு இந்த முடிவுதான். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அடுத்தவர் அழுகை தேவைக்கு மேலேயே உறைக்கிறது. அதைத் தாங்க முடியாமல்தான் ஓடுகிறார்கள்.

இவர்களுக்கு இரக்கம் இல்லை என்ற எண்ணம் பரவ 1985-இல் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் நடத்திய பொம்மைச் சோதனையும் ஒரு காரணம். ஒரு பொம்மை இல்லாத நேரத்தில் அதன் கோலிக்குண்டை இன்னொரு பொம்மை இடம் மாற்றிவிடும்; திரும்பி வரும் பொம்மை அதை எங்கே தேடும் என்பது கேள்வி. ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். அது அளந்தது அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிக்கும் திறனை. அடுத்தவருக்கு வலித்தால் நமக்கும் வலிப்பது வேறு சங்கதி. ஊகிக்கத் திணறும் பிள்ளைக்குக் காரணத்தை வாயால் சொல்லிவிடுங்கள்: "தம்பிக்குப் பல் முளைக்குது, வலிக்குது, அதான் அழுறான்." பிறகு செய்வதற்கு ஒரே ஒரு வேலை: "அந்தத் துண்டை எடுத்துட்டு வா."

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்று தாடையைத் திருப்புவது அடுத்த தவறு. முகத்தைப் பார்ப்பதும் சொல்வதைக் கேட்பதும் ஒரே நேரத்தில் பலருக்கு முடிவதில்லை. பார்க்க வைத்தால் காது அடைத்துவிடும். உடம்பு நம் பக்கம் திரும்பியிருந்து, "ம்" என்று ஒரு பதில் வந்தால் போதும்.

பிள்ளை அக்காவை அடித்து, அவள் அடுக்கிவைத்ததைக் கலைத்துவிட்டால் உடனே "சாரி சொல்லு" என்று பிடித்து நிறுத்துவதும் வீண். கொந்தளிப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல், தப்பிக்கும் சாவி மட்டுமே. முழுக்க அமைதியான பிறகு, கலைத்த அடுக்கை அக்காவோடு சேர்ந்து மறுபடி அடுக்கச் செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் கோட்டைவிடுவது இடத்தில். பயிற்சி மையத்தில் அட்டையில் சிரிக்கும் முகத்தைச் சரியாகக் காட்டும் பிள்ளை, தெருக்கடையில் வாய் திறப்பதில்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குத் தானாக எடுத்துச் செல்வது இவர்களுக்குக் கடினம். ஆகவே கடைக்கே போக வேண்டும். கூட்டம் இல்லாத மதியம் 3 மணி, ஒரே பொருள், தினமும் அதே கடை. படிகள்: தட்டியருகே நிற்பது, முன்னால் நிற்பவர் வாங்கும்வரை காத்திருப்பது, "அண்ணாச்சி" என்று கூப்பிடுவது, "அரைக்கிலோ சீனி" என்பது, பணம் நீட்டுவது, பொட்டலத்தை வாங்குவது. முதல் வாரம் கடைசிப் படியை மட்டும் பிள்ளை செய்யட்டும், மற்றவை உங்கள் பொறுப்பு. அது பழகியதும் அதற்கு முந்திய படியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் நின்று "சொல்லு, சொல்லு" என்றால் அந்தக் குரல் வந்தால்தான் பேச வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். வராவிட்டால் விரலால் சுட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் "அண்..." என்று எடுத்துக்கொடுங்கள். அவசரப்படாமல் இருக்கும்படி அண்ணாச்சியிடமும் முன்பே சொல்லி வையுங்கள். பேச்சு வராத பிள்ளை படச்சீட்டைக் காட்டினால் அதுவும் கேட்டதுதான்.

ஊர்க் கோயில் கொடைக்குக் கூட்டிப்போகுமுன் கதை எழுதிக்கொடுப்பது நல்ல வழி. சமூகக் கதை என்ற இந்த முறையை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே. "ஓடக் கூடாது, கத்தக் கூடாது" என்று அதைக் கட்டளைப் பட்டியலாக்கிவிடுகிறோம். என்ன நடக்கும் என்பதற்குக் குறைந்தது இரண்டு வரி, என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம்: "கோயிலில் மேளம் பலமாக அடிப்பார்கள். சாமியாடுகிறவர்கள் கத்துவார்கள், அவர்களுக்குக் கோபம் இல்லை. சத்தம் அதிகமானால் நான் அப்பா கையைத் தட்டலாம், வெளியே போய்விடுவோம்." தட்டினால் உடனே எழுந்து போக வேண்டும். ஒருமுறை "இன்னும் அஞ்சு நிமிசம்" என்றால் அந்தக் கதையை அவன் மறுபடி நம்ப மாட்டான்.

சொந்தபந்தத்தில் கன்னத்தைக் கிள்ளுவதும் தூக்கிக் கொஞ்சுவதும் வழக்கம். பிள்ளை விலகினால் "மரியாதை தெரியல" என்று அதட்டுகிறோம். தன் உடம்பைத் தொட வேண்டாம் என்று சொல்லத் தெரிவதும் பழகும் திறன்தான். அதை அழித்துவிட்டால் கெட்ட தொடுதலையும் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். கைகூப்பி வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுங்கள். பெரியம்மா கோபித்தால் பெரியவர்களே பேசிச் சமாளித்துக்கொள்ளலாம்.

பயிற்சி பிள்ளைக்கு மட்டும்தான் என்று நினைப்பதும் தவறு. ஒருவரையொருவர் புரியாமல் போவது இரு பக்கமும் நடக்கிறது என்று 2012-இல் எழுதினார் டேமியன் மில்டன். அவரே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர். அத்தை பிள்ளைகள், மாமா பிள்ளைகளுக்கும் மூன்று விஷயம் சொல்லிக்கொடுங்கள். கிண்டல் செய்தால் அது கிண்டல் என்று நேரடியாகச் சொல்லணும். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கணும். அவன் கைகளை உதறினால் சிரிக்காமல், ஆட்டத்தைச் சற்று நிறுத்திவிட்டுத் தொடரணும்.