சிம்ஸ் 4-இல் தெருவில் போகிறவர்களுக்கும் உயிர் கொடுக்க

சிம்ஸ் 4 என்ற, ஆட்களை உருவாக்கி வாழவைக்கும் கம்ப்யூட்டர் கேமில் பார்க்குக்குப் போனால் பத்து டவுனி (கேமே உருவாக்கி ஊரில் உலவவிடும் ஆட்கள்) நிற்பார்கள், பத்துப் பேர் உடையும் யாரோ கண்ணை மூடிக்கொண்டு பீரோவில் கைவிட்டு எடுத்த மாதிரி இருக்கும், ஒருத்தர் பெயரும் மனசில் நிற்காது. முகத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு ஞாயிறு முழுக்க மூக்கு மூக்காக இழுத்துப் பார்த்தேன். வீண். கேமராவைத் தள்ளி வைத்து ஆடும்போது மூக்கு யாருக்குத் தெரிகிறது? நடை தெரியும், செய்கை தெரியும்.

அதனால் கேமைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் மயிலாப்பூர் மாட வீதியில் சும்மா நில்லுங்கள். நாலு பேரைப் பார்த்து, ஆளுக்கு ஒரு பழக்கத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பேரம் பேசி முடித்த பிறகும் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்கும் மாமி, பூ கட்டிக்கொண்டே போகிற வருகிறவர்களை எல்லாம் விசாரிக்கும் அக்கா, இந்த மாதிரி.

அப்புறம் ட்ரெய்ட், அதாவது ஆளுக்கு நாம் கொடுக்கும் குணம். பெரியவர்களுக்கு 3, டீனேஜருக்கு 2, குழந்தைக்கு 1. மூன்றையும் ஒரே பக்கம் சாய்த்தால் ஆள் கார்ட்டூன் ஆகிவிடுவார், ஒன்றாவது எதிர்பாராததாக இருக்கட்டும். எங்கள் தெரு இஸ்திரிக்காரருக்கு நான் போட்டது நீட், ஹாட்-ஹெடட், மியூசிக் லவர். மடிப்பில் கறார், சில்லறை இல்லை என்றால் சண்டை, ஆனால் வண்டியில் எந்நேரமும் இளையராஜா. கேமிலும் அவர் காரணமே இல்லாமல் கோபப்பட்டு நிற்பதைப் பார்த்தால் அப்படியே அவர்தான்! (நீட்டும், அதற்கு நேர் எதிரான ஸ்லாபும் ஒரே ஆளுக்கு வராது, கேமே தடுத்துவிடும்.)

ஆளை உருவாக்கும் திரையில் வாக் ஸ்டைலும் குரலும் இருக்கின்றன, பலர் தொடுவதே இல்லை. மிடுக்கு நடை ஒருத்தருக்கு, சோர்வு நடை இன்னொருத்தருக்கு என்று கொடுத்தாலே தூரத்திலிருந்து ஆளை அடையாளம் தெரியும். தாத்தா பாட்டிகளையும் தாராளமாகச் சேருங்கள். கடைசிப் பெயருக்கு நான் அப்பா பெயரைப் போடுகிறேன், நம் ஊர் இனிஷியல் கணக்கு.

ஏற்கெனவே இருக்கும் டவுனியைத் திருத்த, கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் சீட் (கேமின் ரகசியக் கட்டளை) பெட்டியில் 'டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ' (testingcheats true), அடுத்து 'காஸ்.ஃபுல்எடிட்மோட்' (cas.fulleditmode) என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கிளிக் செய்தால் மாற்றும் வழி வரும், ட்ரெய்ட் உட்பட. புதிதாகச் செய்கிறவர்களை மேனேஜ் ஹவுஸ்ஹோல்ட்ஸில் (குடும்பங்களைப் பார்க்கும் திரையில்) உருவாக்கி வீடு கொடுக்காமல் விட்டாலும் ஊரில் நடமாடுவார்கள். காலி வீடுகளைக் கேமே நிரப்பும் ஆப்ஷனை மட்டும் முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்கள் குடிவந்துவிடுவார்கள்.

நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ் என்று ஒன்று உண்டு. நாம் ஆடாத குடும்பங்களும் வேலை மாறும், வீடு மாறும், பிள்ளை பெறும். நல்ல வசதிதான், ஆனால் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வேடிக்கை பார்த்ததில் என் வாட்ச்மேன் ஒரு நாள் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போயே போய்விட்டார். குடும்பவாரியாக எதை அனுமதிப்பது என்று தேர்ந்தெடுக்க முடியும். இப்போது வேலை மாற்றத்தை மட்டும் விட்டிருக்கிறேன். மாமி நாளைக்கே வேலைக்குப் போகட்டும், தெருவை விட்டு மட்டும் போகக் கூடாது.