ஏசி காற்று முன்கண்ணாடிக்கு மட்டும் போகிறதா? பழைய எஃப்-150இல் வேக்கம் கசிவைக் கண்டுபிடிக்கும் வழி

மேடு ஏற ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள், முகத்துக்கு வந்துகொண்டிருந்த குளிர்காற்று சட்டென்று முன்கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறது, காலை எடுத்ததும் திரும்பி வருகிறது. இன்னும் முற்றிய கேஸ் என்றால் நாப்பை எந்தப் பக்கம் திருகினாலும் காற்று கண்ணாடிக்குத்தான். ப்ளோயர் நன்றாக ஓடுகிறது, ஏசியும் குளிர்கிறது, ஆனால் காற்று போகும் வழிதான் தப்பு. பழைய அமெரிக்க வண்டிகளில் அடிக்கடி பார்க்கிற கோளாறு இது. 1997 முதல் 2003 மாடல் வரையிலான ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கை வைத்துச் சொல்கிறேன். அதே காலத்து மற்ற வண்டிகளில் டியூப் ஓடும் பாதை மாறும், தேடும் முறை மாறாது.

இதைக் கேட்டதும் டேஷ்போர்டைக் கழற்றப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதலில் பானட்டைத் திறங்கள், டேஷ்போர்டு கடைசி.

காற்றைத் திருப்புவது எது?

டேஷ்போர்டுக்குள் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது, அதற்குள் காற்றை முகத்துக்கு, காலுக்கு, கண்ணாடிக்கு என்று பிரித்துவிடும் ஃப்ளாப்கள். இந்த வண்டியில் அவற்றை அசைப்பது மோட்டார் இல்லை, இன்ஜினின் உறிஞ்சல். அதைத்தான் வேக்கம் என்கிறோம். இளநீரை ஸ்ட்ராவில் இழுக்கும்போது வாய்க்குள் உண்டாகும் இழுப்பு மாதிரிதான். த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்றை விடும் மூடி, மூடியிருக்கும்போது பெட்ரோல் இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுப்பில்) அந்த இழுப்பு எப்போதும் இருக்கும். நல்ல இன்ஜின் ஐட்லிங்கில், வேக்கம் மீட்டரில் பாதரச அங்குலக் கணக்கில் சுமார் 17 முதல் 21 வரை காட்டும். டென்வர் மாதிரி ஒரு மைல் உயரத்தில் இருக்கும் ஊர் என்றால் 5 அங்குலம் போலக் குறைத்துக்கொள்ளுங்கள், அது கோளாறு இல்லை.

மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று கிளம்பி, செக் வால்வு வழியாக, பிளாஸ்டிக் வேக்கம் டப்பா ஒன்றைத் தொட்டு, வண்டிக்குள் நாப்பின் பின்பக்கம் வருகிறது. அங்கிருந்து நாப் சொல்கிறபடி ஒவ்வொரு ஃப்ளாப்புக்கும் உள்ள ஆக்சுவேட்டருக்குப் பிரிந்து போகிறது. ஆக்சுவேட்டர் என்பது உள்ளே ரப்பர் சவ்வும் (டயாஃப்ரம்) ஸ்பிரிங்கும் வைத்த சின்ன டப்பா, அவ்வளவுதான். இழுப்பு வந்தால் ஃப்ளாப் நகரும், இழுப்பு போனால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். அந்தப் பழைய இடம்தான் முன்கண்ணாடி. எல்லாம் பழுதானாலும் ஓட்டுநருக்குப் பாதையாவது தெரியட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மேனிஃபோல்டில் இழுப்பு ஏறக்குறைய பூஜ்யம். அந்த நேரத்துக்குத்தான் டப்பாவில் சேமிப்பு, அது திரும்பி இன்ஜினுக்கே ஓடிவிடாமல் தடுக்கத்தான் செக் வால்வு. இது புரிந்துவிட்டால் மேடேறும்போது மட்டும் வரும் கோளாறு எங்கே இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இது வேக்கம் கோளாறுதானா?

காற்று சரியான வழியில் வருகிறது, ஆனால் சூடு குளிர் மாறவில்லை, டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம் வேறு கேட்கிறது என்றால் அது வேறு பிரச்சினை. இந்த வண்டியில் வெப்பநிலை ஃப்ளாப்பை அசைப்பது மின்சார மோட்டார். ப்ளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால், அதன் வேகத்தைக் குறைத்துக்கொடுக்கும் ரெசிஸ்டரைப் பாருங்கள். இரண்டுக்கும் வேக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

கருவியே இல்லாமல் ஒரு சோதனை

இன்ஜினை ஓடவிட்டு, காற்று முகத்துக்கு வரும்படி நாப்பை வைத்து, ப்ளோயரை நடு வேகத்தில் விடுங்கள். ஒரு நிமிடம் கழித்து இன்ஜினை அணைத்து, ப்ளோயர் மட்டும் ஓடும்படி சாவியை மறுபடி திருப்புங்கள். காற்று சில நிமிடங்களாவது முகத்துக்கே வந்தால் டப்பா, செக் வால்வு, அந்த மோடுக்கான டியூப் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. சில நொடிகளில் கண்ணாடிக்குத் தாவினால் எங்கோ கசிகிறது. காலுக்கு, மேக்ஸ் ஏசிக்கு என்று மற்ற மோடுகளிலும் இதையே செய்து பாருங்கள். ஒரே ஒரு மோடில் மட்டும் இழுப்பு சீக்கிரம் போகிறதா? அந்த மோடின் டியூபோ ஆக்சுவேட்டரோதான். எல்லா மோடிலும் போகிறது என்றால் சப்ளை பக்கம், அதாவது இன்ஜினிலிருந்து நாப் வரை வரும் வழி.

உங்கள் வண்டி ஃபோர்-வீல் டிரைவ் என்றால் இன்னொரு துப்பும் உண்டு. இந்த மாடல்களில் முன் ஆக்சிலை இணைத்துவிடுவதும் வேக்கம்தான். ஏசி காற்றும் கண்ணாடிக்குப் போகிறது, முன் சக்கரங்களும் பிடிக்கவில்லை என்று இரண்டும் சேர்ந்து வந்தால் மூல டியூபே அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பானட்டுக்குள் தேடுதல்

இன்ஜின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் கை, சட்டைக் கை, கழுத்தில் தொங்கும் சங்கிலி எதுவும் போகக்கூடாது. கண்ணால் பார்க்கும் வேலையை இன்ஜின் அணைத்து ஆறிய பிறகே செய்யுங்கள்.

முதலில் பயணி பக்கம் இருக்கும் பேட்டரியைச் சுற்றிப் பாருங்கள். வேக்கம் டியூப் அதன் அடியிலும் பின்னாலும் போகிறது, பேட்டரி ஆசிட் பட்டுப் பட்டு அங்கேதான் அடிக்கடி உடைகிறது. வெளியே பார்த்தால் முழுதாகத் தெரியும், விரலால் லேசாக வளைத்தால் காய்ந்த அப்பளம் போல நொறுங்கும். அதனால் பார்ப்பதோடு நிறுத்தாமல் டியூப் முழுக்கத் தடவிக்கொண்டே போங்கள். முழங்கை வடிவ ரப்பர் இணைப்புகளைத் தனியாகக் கவனியுங்கள், பிசுபிசுப்பாகவோ தொளதொளப்பாகவோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கண்ணில் படவில்லையா? இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, அரை மீட்டர் ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை டியூப் நெடுகக் கொண்டுபோங்கள். கசிகிற இடத்தில் "ஸ்ஸ்ஸ்" சத்தம் கூர்மையாகக் கேட்கும். சோப்புத் தண்ணீர் இங்கே உதவாது, அழுத்தம் வெளியே தள்ளினால்தான் குமிழி வரும், இது உள்ளே இழுக்கிற சமாச்சாரம். கார்ப் கிளீனரை (எளிதில் தீப்பிடிக்கும் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை) பீய்ச்சி இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கமும் உண்டு, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதைச் செய்வது தீயோடு விளையாடுவது, எனக்கு உடன்பாடில்லை.

செக் வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. கழற்றும்போது எந்தப் பக்கம் இன்ஜினைப் பார்த்திருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போட்டால் எதுவுமே வேலை செய்யாது. வேக்கம் டப்பாவைச் சோதிக்க, முள் மீட்டர் வைத்த கை வேக்கம் பம்ப் வேண்டும். 15 அங்குலம் வரை இழுத்து ஒரு நிமிடம் விடுங்கள், முள் இறங்கினால் டப்பாவில் கீறல்.

நாப்பின் பின்னால்

வெளியே எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். கன்ட்ரோல் பேனலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்து, திருகுகளைக் கழற்றிப் பேனலை மெதுவாக முன்னால் இழுத்தால், நாப்பின் முதுகில் கலர் கலராக டியூப்கள் சேர்ந்த இணைப்பு ஒன்று தெரியும். அதைப் பிடுங்குங்கள். டியூபைப் பிடித்து இழுக்காமல் இணைப்பைப் பிடித்து இழுக்க வேண்டும். கறுப்பு டியூப்தான் சப்ளை. இன்ஜின் ஓடும்போது அதன் வாயில் விரல் வைத்தால் தோலைக் கவ்வி இழுக்க வேண்டும், இழுக்கவில்லை என்றால் மறுபடி பானட்டுக்கே போங்கள்.

இழுக்கிறதா? அப்படியானால் சின்ன ஹோஸ் துண்டு ஒன்றால் கறுப்பை மற்ற ஒவ்வொரு டியூபோடும் நேராக இணைத்துப் பாருங்கள். ஃப்ளாப் நகரும் சத்தம் கேட்டு காற்றின் திசை மாறினால் அந்த டியூபும் ஆக்சுவேட்டரும் நல்லவை, குற்றவாளி நாப்புக்குப் பின்னால் உள்ள ஸ்விட்ச். ஒரு டியூபில் மட்டும் ஸ்ஸ்ஸ் என்று காற்று ஓடிக்கொண்டே இருந்தால் அந்த டியூப் உடைந்திருக்கிறது, இல்லையென்றால் அதன் ஆக்சுவேட்டரில் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. க்ளவ் பாக்ஸை இறக்கினாலே கை எட்டும் ஆக்சுவேட்டர் என்றால் நீங்களே மாற்றிவிடலாம். உள்ளே ஆழத்தில் இருப்பதற்கு டேஷ்போர்டை இறக்க வேண்டும், பயணி பக்க ஏர்பேக்கும் அங்கேதான் இருக்கிறது, புதிதாகப் பழகுகிறவர் அதில் கை வைக்க வேண்டாம். அதுவரைக்கும் கிழிந்த ஆக்சுவேட்டருக்குப் போகும் டியூபை மட்டும் அடைத்துவிட்டால் மற்ற மோடுகளாவது ஓடும்.

சரிசெய்தல்

உடைந்த பகுதியை நல்ல பிளாஸ்டிக் வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் ரப்பர் வேக்கம் ஹோஸால் இணையுங்கள். உள்விட்டம் 1/8 அங்குலமா 5/32 அங்குலமா என்று குழம்பாமல் இருக்க, உடைந்த துண்டைக் கடைக்கே எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். சில டாலர் வேலைதான். இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள், இன்ஜின் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும். புது ஹோஸ் பேட்டரி அடியிலோ எக்ஸாஸ்ட் பக்கத்திலோ உரசாதபடி கிளிப் போட்டு ஓரமாகக் கொண்டுபோங்கள், ஆசிட் கசியும் பேட்டரி என்றால் அதையும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது ஹோஸுக்கும் அதே கதிதான்.

அப்புறம் இன்ஜினை அணைத்துச் செய்த அந்தச் சோதனையை எல்லா மோடிலும் மறுபடி ஓட்டுங்கள், ஒரு மேட்டில் ஏற்றியும் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0171, பி0174 (எரிபொருளுக்கு ஏற்ற அளவைவிடக் காற்று அதிகம் என்னும் கோளாறுக் குறியீடுகள்) என்று காட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் இதே கசிவு காரணமாக இருந்திருக்கலாம். அந்தக் குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு சில நாள் ஓட்டுங்கள். திரும்பி வந்தால் இன்டேக் பக்கம் இன்னொரு கசிவு பாக்கி இருக்கிறதா என்று தேட வேண்டும்.