ஏற்காட்டு மூடுபனியில் தானாகத் திறந்த ஃபில்டர்

விரலால் தொட்டு சின்தசைசரை இயக்க நானே செய்த கருவி இது: இஎஸ்பி 32 என்ற சிறு கன்ட்ரோலர் போர்டு, அக்ரிலிக்கில் காப்பர் டேப் ஒட்டிய ஆறு தொடு பேட், இசைக் கட்டளைகளை அனுப்ப ப்ளூடூத் மிடி. போர்டில் தொடுதலை உணரும் பத்து டச் பின் இருக்கிறதே என்று ஆசைப்படக் கூடாது; 0, 2, 12, 15 நான்கும் பூட் ஆகும்போது வேறு வேலை பார்ப்பவை.

கோளாறு இதுதான்: ஏற்காட்டில் பனி இறங்கினால் தொடாமலேயே சிசி 74 என்ற மிடி கட்டளையின் மதிப்பு ஏறி, ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்தும் ஃபில்டரின் கட்-ஆஃப் திறந்துகொள்ளும். போர்டு அளக்கும் எண்களைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் பார்த்தேன். சேலத்து வெயிலில் தொடாத பேட் 70 காட்டும், தொட்டால் 20. மலைமேல் காலை ஈரத்தில் தொடாத பேடே 48. புரோகிராம் கோடில் வரம்பு 50; அதற்குக் கீழே போனால் தொட்டதாகக் கணக்கு. பிறகென்ன!

நிலையான வரம்பைத் தூக்கிவிட்டேன். அதற்குப் பதில் தொடாத பேடின் அளவை ‘அடிமதிப்பு’ என்று வைத்து, 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை புரோகிராம் பழைய அடிமதிப்பில் 99 பங்கும் புதிய அளவில் 1 பங்கும் கலந்து அடிமதிப்பைப் புதுப்பிக்கிறது. விரல் பேடில் இருக்கும்வரை இதை நிறுத்தியாக வேண்டும். இல்லையென்றால் அழுத்திப் பிடித்த விரலையே காலி பேட் என்று பழகிக்கொள்ளும். அடிமதிப்பில் 65 சதவீதத்துக்குக் கீழே போனால் தொட்டதாகக் கணக்கு, 75ஐத் தாண்டினால் விட்டதாக. இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் நோட் படபடக்கும்.

காப்பர் மேல் லேமினேஷன் ஷீட், ஓரங்களில் நெயில் பாலிஷ். 40 செ.மீ. ஒயரை 10 ஆக வெட்டியதில் பக்கத்து பேட் உளறுவதும் நின்றது.