கார்டன் ஈல் வேறு, ஆரால் வேறு

ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் அக்கா ஒருவர் ஆராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் அக்கா மகன் போனை நீட்டினான். கடலடி மணலில் வளை தோண்டி வாழும் கார்டன் ஈல் என்ற மீன்கள், குச்சி குச்சியாக நூற்றுக்கணக்கில் நின்று ஆடிக்கொண்டிருந்தன. "மாமா, இதுவும் ஆரால்தானே? மண்ணுக்குள்ளதான் இருக்குது."

நம்ம பக்கத்தில் எல்லாரும் செய்கிற தவறு இது. ஆரால் விலாங்கு இனமே அல்ல. அதன் முதுகில் வரிசையாக முள் நிற்கும். கழுவும்போது கை கிழிந்தவர்களுக்குத் தெரியும். விலாங்கு இனத்துக்கு அது கிடையாது. காவிரியில் சிக்கும் விலாங்கு வேண்டுமானால் கார்டன் ஈலுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் விலாங்கு ராத்திரியில் இரை தேடி அலையும். கார்டன் ஈல் வளையை விட்டு வெளியே வருவதே அபூர்வம்.

கார்டன் ஈலைப் பாம்பு என்று பயப்படுவது அடுத்த தவறு. இதுவும் மீன்தான். புள்ளி வகை என்றால் சுண்டுவிரல் தடிமன், முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். வெள்ளை உடம்பில் மிளகைத் தூவியது போலப் புள்ளிகள், செவுள் அருகே ஒரு பெரிய கறுப்புத் திட்டு, நடு உடம்பில் இன்னொன்று. பெரிய கண், சின்ன வாய். நீரோட்டம் கொண்டுவரும் பொடிப்பொடி மிதவை உயிரிகளைக் கொத்தித் தின்பதால்தான் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன.

தலையால் குடைகிறது என்று நினைப்பவர்களும் உண்டு. குடைவது வால். வால் நுனி கெட்டியாக இருக்கும். அதை மணலில் செருகிப் பின்பக்கமாக இறங்கும். தோலில் சுரக்கும் வழவழப்பு மணலை ஒட்டவைத்து, வளை சரியாமல் பூசிவிடும். கொத்தனார் வேலைதான்! ஜோடி சேரும்போதும் வளையை விடாது. பக்கத்து வளையிலிருந்து ஆண் வளைந்து நீண்டு பெண்ணைத் தொடும்.

மாலத்தீவு, செங்கடல் பக்கம் முக்குளிக்கப் போகிறவர்கள் படம் எடுக்க நேரே நீந்திப் போவார்கள். சில மீட்டர் தூரத்திலேயே கூட்டம் முழுக்க மணலுக்குள் இறங்கிவிடும், வெறும் மணல்தான் மிச்சம். அசையாமல் காத்திருப்பவருக்கே தலை தெரியும். 2020இல் கொரோனாவுக்காக மூடிக்கிடந்த தோக்கியோவின் சுமிதா மீன் காட்சியகத்தில் இவை ஆளையே மறந்து, பணியாளரைக் கண்டாலே ஒளிந்தன. மே மாதம் மூன்று நாள் பொதுமக்களை வீடியோ அழைப்பில் முகம் காட்டச் சொல்லிப் பழக்கினார்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கடல்மீன் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் நண்பர் ஒருவர் இரண்டு அங்குல மணல் போட்டு ஒற்றை ஈலை விட்டார். புதையவே முடியாமல் கண்ணாடியோரம் நெளிந்துகொண்டே இருந்தது. மணல் அரை அடிக்கு மேல் வேண்டும், அதுவும் பொடி மணல். மூடி கட்டாயம், கூட்டமாகத்தான் விட வேண்டும், முரட்டு மீன் கூடவே கூடாது. தீனியை மணலில் போட்டால் திரும்பியும் பாராது. தண்ணீரில் மிதந்து அதன் வாயருகே வர வேண்டும், அதுவும் நாளுக்குப் பல தடவை. இவ்வளவும் முடியாது என்றால் வாங்காதீர்கள்.