சமூய் தீவுக்கு வேலைக்கு வருகிறீர்களா? முதலில் மழையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். "அண்ணா, ஜூலையில் வந்து சேரச் சொல்கிறார்கள், தாய்லாந்தில் அப்போது மழையாமே?" என்று ஒருவர். "அக்டோபரில் புகெட்டிலிருந்து சமூய்க்கு மாற்றுகிறார்கள், மழை முடிந்திருக்கும் இல்லையா?" என்று இன்னொருவர். இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் தீவு எந்தக் கடலில் இருக்கிறது என்று முதலில் வரைபடத்தில் பாருங்கள். தாய்லாந்து முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று ஒன்று கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது அல்லவா, அதேபோல் தெற்குத் தாய்லாந்தின் நடுவிலும் மலைத்தொடர் ஓடுகிறது. மேற்கே அந்தமான் கடல் பக்கம் இருக்கிற புகெட், கிராபி, பீ பீ, லந்தா எல்லாம் கேரளா மாதிரி. மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடும், அக்டோபர் வரை பெய்யும், செப்டம்பர் அக்டோபரில் ரொம்ப அதிகம். கிழக்கே வளைகுடாவில் இருக்கிற சமூய், பங்கான், தாவ் மூன்றும் நம் சோழமண்டலக் கரை மாதிரி. ஜூலை ஆகஸ்டில் மாலையில் ஒரு மழை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெயில்தான். அக்டோபர் நடுவில் வடகிழக்குக் காற்று திரும்பியதும் ஆரம்பிக்கிற மழை டிசம்பர் வரை போகும். சென்னையிலும் நாகையிலும் மட்டக்களப்பிலும் ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற அதே பருவமழைதான் இது. வளைகுடா என்றாலே இப்படித்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள், கம்போடியா எல்லைப் பக்கம் இருக்கிற கோ சாங்கும் வளைகுடாதான், ஆனால் அங்கே தென்மேற்குக் காற்றில்தான் மழை கொட்டும்.

நான் நாகப்பட்டினம் பக்கம். சமூயில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பொறுப்பு. மழை நமக்குப் புதிதா என்ற நினைப்போடுதான் வந்தேன். மழை புதிதில்லைதான், தீவில் மழை என்பது வேறு. ஊரில் மழை பெய்தால் மளிகைக் கடைக்கு முழங்கால் தண்ணீரில் நடந்தாவது போய்விடலாம். இங்கே அந்தக் கடைக்குச் சரக்கே கப்பலில் வர வேண்டும். நிலப்பகுதியில் சூரத் தானி மாகாணத்து தோன்சாக் துறையிலிருந்து லாரிகளை ஏற்றிக்கொண்டு வருகிற ஃபெர்ரி நல்ல நாளில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். கடல் கொந்தளித்தால் முதலில் சின்னப் படகை நிறுத்துவார்கள், அப்புறம் வேகப் படகை, கடைசியில் பெரிய ஃபெர்ரியையும். அன்று காலை எங்கள் ஸ்டோர் வாசலில் இருக்கிற வெள்ளைப் பலகையில் தாய் மொழியில் மூன்றே சொல் எழுதியிருக்கும்: "ருவா மாய் ஓக்". கப்பல் கிளம்பாது என்று அர்த்தம். நீங்கள் தாய் மொழியில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வணக்கம் என்றால், இரண்டாவது இதுதான்.

கப்பல் நின்ற முதல் நாள் எதுவும் தெரியாது. இரண்டாம் நாள் மதியம் கடையில் முட்டை அட்டைகள் இருந்த இடம் காலியாகும், அடுத்து கீரையும் தக்காளியும். மூன்றாம் நாள் இருக்கிற கோஸ் வாடிப்போய்க் கிடக்கும், அதையும் எடுக்க ஆள் நிற்கும். பயப்படத் தேவையில்லை, பட்டினி கிடக்க நேராது, தேங்காயும் மீனும் தீவிலேயே உண்டு. ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பால்பவுடரும் டயப்பரும் ஒரு வாரத்துக்காவது கையிருப்பு வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு வாங்கி வையுங்கள். தீவில் நாத்தோனில் அரசு மருத்துவமனை இருக்கிறது, தனியாரும் இருக்கிறார்கள், ஆனாலும் பெரிய சிகிச்சைக்கு நிலப்பகுதிக்குத்தான் அனுப்புவார்கள், அங்கே போகவும் அதே கடலைத்தான் தாண்ட வேண்டும். இதை யாரும் வேலைக்குச் சேரும்போது சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அதேபோல் பயணம். ஊருக்குப் போக டிக்கெட் போடும்போது, நவம்பரில் தீவிலிருந்து படகில் போய் அதே நாள் விமானம் பிடிக்கிற மாதிரி போடவே போடாதீர்கள். ஒரு ராத்திரி முன்னதாகவே நிலப்பகுதிக்கோ பாங்காக்குக்கோ போய்விடுங்கள். சமூயிலேயே விமான நிலையம் உண்டு, கட்டணம் அதிகம், பெருமழையில் அதுவும் தாமதமாகும். விசா விஷயமும் இப்படித்தான். எங்கே தங்கியிருக்கிறோம் என்று 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குக் கொடுக்கிற அறிக்கையை 15 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம், அதைக் கடைசி நாள் வரை இழுக்க வேண்டாம், அலுவலகத்துக்குப் படகில் போக வேண்டியவர்கள் இன்னும் கவனமாக இருங்கள்.

மழை எப்படிப் பெய்யும் என்று கேட்டால், நவம்பரில் இரண்டு மூன்று நாள் விடாமல் ஊற்றும், அப்புறம் ஒரு நாள் பளிச்சென்று வெயில், துணி துவைத்துக் காயப்போட்டு முடிப்பதற்குள் மறுபடி இருட்டும். அந்த ஒரு மாதத்தில் மட்டும் சராசரியாக 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. புயல் அடிக்கடி வராது, ஆனால் வராது என்று சொல்ல முடியாது. 1989 நவம்பரில் கே என்ற சூறாவளி இந்த வளைகுடாவிலேயே உருவாகி சும்போன் மாகாணத்தைத் துவம்சம் செய்துவிட்டு, அந்தப் பக்கம் வங்கக் கடலில் இறங்கி ஆந்திராவில் காவலி அருகே கரையேறியது. 2019 ஜனவரி 4 அன்று பபுக் புயல் நக்கோன் சி தம்மராட்டில் கரை கடந்தபோது சமூய்க்குப் படகும் இல்லை, விமானமும் இல்லை. பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருந்தது, மழைக்காலம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்திருந்த நேரம்.

சரி, வீடு. முன்பணம் கொடுப்பதற்கு முன் சுவரைக் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு போயிருந்தாலோ, கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ தண்ணீர் வந்த வீடு என்று அர்த்தம். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட எதிர் வீட்டில் பல வருடமாக இருக்கிற அம்மாவிடம் "நாம் துவாம் மய்?" என்று கேளுங்கள், வெள்ளம் வருமா என்று அர்த்தம், கை எவ்வளவு உயரத்தில் காட்டுகிறார் என்று பார்த்தால் போதும். சமூயின் கிழக்குக் கரையில் இருக்கிற சாவெங்கில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் தாழ்வான இடங்களில் ஒரு பெருமழைக்கே தண்ணீர் நிற்கும். மேட்டில் பார்க்கிறேன் என்று மலைச்சரிவை வெட்டிப் புதிதாகக் கட்டிய வீட்டுக்கும் போய்விடாதீர்கள். புகெட்டில் 2024 ஆகஸ்டில் கரோன் பக்கம் நடந்த மண்சரிவில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். பின்புறம் செம்மண் சுவர் மாதிரி நின்றால் அந்த வீடு வேண்டாம். கரண்ட் யூனிட் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள், சில வீட்டுக்காரர்கள் அரசு விலையைவிட மேலே வைத்து 7 முதல் 10 பாட் வரை வாங்குகிறார்கள், மழைக்காலத்தில் ஈரத்துக்காகவே ஏசி போட வேண்டியிருக்கும்போது அது கையைக் கடிக்கும்.

ஈரம் என்றேன் அல்லவா, அதுதான் என்னை முதல் வருடம் அழவைத்தது. சான்றிதழ்களைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். டிசம்பரில் எடுத்துப் பார்த்தால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஓரமெல்லாம் கரும்புள்ளி, பக்கத்தில் கல்யாணப் பட்டு வேட்டியின் ஜரிகைக் கரையில் சாம்பல் நிறத்தில் பூசணம், தொட்டால் மாவு மாதிரி கையில் ஒட்டியது. இன்றைக்கும் அந்த வேட்டியில் கறை போகவில்லை. அதனால் காகிதம், பட்டு, தோல் செருப்பு, கேமரா எதுவானாலும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். அலமாரிக் கதவை வெயில் வருகிற நாளெல்லாம் திறந்து போடுங்கள். ஏசியில் ஈரத்தை மட்டும் உறிஞ்சுகிற டிரை மோட் இருக்கும், ராத்திரி ஒரு மணி நேரம் ஓடினால் போதும். துணிக்கு, தெருவுக்குத் தெரு இருக்கிற சக் ரீட் கடையில் கிலோ கணக்கில் வெளுத்து உலர்த்தித் தருவார்கள். சாம்பார் பொடி, அப்பளம், ரவை எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும்.

கரண்ட் போவது சகஜம். கரண்ட் வருவதே நிலப்பகுதியிலிருந்து கடலுக்கடியில் போட்ட கேபிளில்தான். 2012 டிசம்பரில் அது பழுதாகி சமூயும் பங்கானும் மூன்று நாள் இருட்டில் கிடந்தன. இப்போது அவ்வளவு மோசமில்லை, ஆனால் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் அரை நாள் போகும். "ஃபை தப்" என்று பக்கத்து வீட்டில் குரல் கேட்டால் அதுதான். கரண்ட் இல்லையென்றால் மோட்டாரும் ஓடாது, குளியலறையில் எப்போதும் ஒரு பெரிய வாளி நிறைத்து வையுங்கள். இங்கே எல்லாரும் கியூஆரில் பணம் கட்டிப் பழகிவிட்டோம், அன்றைக்கு அதுவும் இல்லை, ஏடிஎம்மும் இல்லை, அதனால் இரண்டாயிரம் பாட்டாவது ரொக்கமாக வீட்டில் இருக்கட்டும்.

பைக் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். இங்கே அடிபடுகிற நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மழையில் பைக்கில் விழுந்தவர்கள். வெயில் நாளெல்லாம் ரோட்டில் படிந்த எண்ணெய் முதல் தூறலில் மேலே வரும், அந்த முதல் அரை மணி நேரம் ஓட்டாதீர்கள், டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். பங்கானில் தொங் சாலாவிலிருந்து ஹாட் ரின் போகிற ஏற்ற இறக்கத்தில் ஈரத்தில் போகவே வேண்டாம், சொங்தாவ் என்கிற பெஞ்சு போட்ட பிக்கப்பில் ஏறிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் வாடகை பைக் எடுத்து விழுந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். அப்புறம், தென்னை மரத்தடியில் வண்டி நிறுத்தாதீர்கள்.

கடலில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது, நீச்சல் தெரியும் என்பது கணக்கில்லை. மழைக்காலத்தில் புகெட்டின் மேற்குக் கரைகளில் உள்ளிழுக்கும் நீரோட்டம் ஒவ்வொரு வருடமும் உயிரை எடுக்கிறது. சமூயில் அதே மாதங்களில் கடல் அமைதி, நவம்பரில் சாவெங், லமாய் கரைகளில் அலை மணலையே வாரிக்கொண்டு போகும், ஆனால் மேற்கே லிபா நோய் பக்கம் குளம் மாதிரி இருக்கும். இந்தப் பக்கத்தில் பெட்டி ஜெல்லிமீன் உண்டு. கடற்கரையில் கம்பத்தில் வினிகர் பாட்டில் தொங்குவதைப் பார்ப்பீர்கள், அலங்காரம் இல்லை அது. பட்டால் உடனே வினிகரை ஊற்ற வேண்டும், நல்ல தண்ணீரில் கழுவக் கூடாது, மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது, அப்படியே 1669க்கு அழைக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு சீசன் என்பதால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் தொடாதீர்கள், இரண்டாம் நாளும் விடவில்லையென்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரும், முட்டி வரை பூட்ஸ் சந்தையில் மலிவாகவே கிடைக்கும். காலையில் செருப்பைத் தட்டாமல் போடாதீர்கள், ஈரத்துக்குப் பூரான் உள்ளே சுருண்டிருக்கும், இங்கத்துப் பூரான் நம் ஊர்ப் பூரானைவிடப் பெரிது. பாம்பு வந்தால் அடிக்கப் போகாமல் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள், கூ பாய் என்கிற மீட்புத் தொண்டர்கள் வந்து பிடித்துப் போவார்கள்.

ஹோட்டலில் சேருகிறவர்கள் சம்பளத்தைப் பேசும்போது சர்வீஸ் சார்ஜை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆள் வருகிற மாதத்தில் அது நன்றாக வரும், மழை மாதத்தில் பாதிக்கும் கீழே போகும். சில சிறிய உணவகங்கள் அந்த மாதங்களில் மூடியே விடுகின்றன, மூடுகிற காலத்துக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஊருக்கு அனுப்புகிற பணத்தையும் அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொண்டால் நவம்பரில் கடன் வாங்க வேண்டியிருக்காது.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். மழை நாளில் தெருமுனைக் கடையில் காவ் தோம் என்று சுடச்சுடக் கஞ்சி கிடைக்கும். மஞ்சளும் புளிப்புமாகத் தென்பகுதிக்காரர்கள் வைக்கிற கேங் சோம் குழம்பு, முதல் வாய் வைத்ததுமே எனக்கு எங்கள் வீட்டு மீன் குழம்பை நினைவுபடுத்தியது. சைவம் என்றால் செப்டம்பர் அல்லது அக்டோபரில் சீனர்களின் ஜே விரதம் வரும், அந்த ஒன்பது நாளும் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம், புகெட்டில் அது பெரிய திருவிழா. உளுந்தும் புளியும் பெருங்காயமும் மட்டும் அக்டோபர் பிறப்பதற்குள் வாங்கி வைத்துவிடுங்கள், உளுந்து தீவில் எல்லா நேரமும் கிடைக்காது.

இந்த எண்களைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்: வானிலை 1182, கரண்ட் 1129, ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155, அங்கே ஆங்கிலத்தில் பேசலாம். நாத்தோன் துறைப் பக்கம் குடியிருக்கிறவர்கள் யாராவது ஒருவர் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கப்பல் ஓடுகிறதா என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.