சாமி கும்பிடாதவர் சமயப் பாடத்தில் தேறுவது எப்படி

கடலூரில் படித்தபோது சமயம் ஒரு பாடமாக வந்தது, நானோ சாமியே இல்லை என்கிற கட்சி. முதல் வாரமே ஆசிரியரோடு மல்லுக்கு நின்றேன், முதல் இன்டர்னலில் இருபதுக்கு ஏழு. அதை நீங்கள் செய்யாதீர்கள்.

முதலில் அது எந்த வகை வகுப்பு என்று பாருங்கள். சமயங்களைப் பற்றிய படிப்பு என்றால் பேசாமல் உட்காருங்கள், வரலாறு மாதிரிதான். ஜெபம், பூஜையில் கலந்துகொள்ளச் சொன்னால் கதை வேறு. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் கல்லூரியில் உங்கள் சம்மதம் இல்லாமல், பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல், மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-வது பிரிவு சொல்கிறது. கத்தாமல், துறைத் தலைவரிடம் கடிதமாகக் கொடுங்கள்.

தேர்வில் “இறைவன் அருளினான்” என்று எழுதக் கை வராது, சரி, “சைவர்கள் இப்படி நம்புகிறார்கள்” என்று எழுதுங்கள். பொய்யும் இல்லை, மார்க்கும் போகாது.

அசைன்மென்ட்டுக்கு வடலூர் போங்கள். சாதி, சமயப் பிரிவினையைச் சாடிய வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்னும் அணையவில்லை, யார் போனாலும் சோறு. 1872-ல் வந்த ஞானசபையில் சிலை கிடையாது, ஏழு திரைக்குப் பின்னால் ஜோதி மட்டும். அங்கே தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது பக்கத்துப் பாட்டியிடம் எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டேன். “பசிக்குதுப்பா” என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தேன், இருபதுக்குப் பதினெட்டு.